ஜெபிக்கவே நேரமில்லாத வீட்டில் விசுவாசத்தை எங்கே தேடுவது?

எழுந்ததிலிருந்து வேலை, பிள்ளைகள், பாத்திரம் என்று ஓடி, இரவில் முழங்கால் போடக்கூடத் தெம்பில்லை, இதில் கிறிஸ்தவ வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெண்ணாகத்தான் இருப்பீர்கள். ஆணாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பாத்திரத்தைப் பற்றிக் கவலைப்படும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறாது. ஆனால் அதில் பாதி கடவுளுக்குப் போகாது. என் வீட்டுக்காரர், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு போனைக் கீழே வைக்கிற புத்தியைத் தாரும்" என்பார். அத்தை முறை வந்தால், "பொறுமையாய்ப் பேசுகிற நாவை என் மருமகளுக்குக் கட்டளையிடும்." கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது என்ன பதில் சொல்வது? ஒருநாள் ஆமென் சொன்ன கையோடு மகன் கேட்டுவிட்டான், "அப்பா, இப்ப ஜெபம் பண்ணினீங்களா, என்னைத் திட்டினீங்களா?"

குடும்ப ஜெபமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் வசனத்தோடு கிளம்பி வராதீர்கள். நானும் அதில் வளர்ந்தவள்தான். விசுவாசம் என்று என் மகன் எதைப் பார்த்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் கொஞ்சம் பணம் காணாமல் போய், இவர் விசாரிக்காமல் மகன் மேல் பழியைப் போட்டார். அவன் எடுக்கவில்லை என்று அழுதும் கேட்கவில்லை. மறுநாள் துவைக்கப் போடும்போது இவருடைய பேண்ட் பையிலேயே நான்காய் மடித்துக் கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன், ஒன்றும் பேசவில்லை. இவர் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவன் அறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் உன்னைத் திருடன்னு சொன்னது தப்புப்பா, மன்னிச்சிடு" என்றார். அவன் "சரி, விடுங்க" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவ்வளவுதான், கட்டிப்பிடித்து அழுததெல்லாம் இல்லை. ஆனால் "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் 4:26-ஐ எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், வீட்டுக்குள் நடந்து பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் நேரம் கிடைக்கவில்லையே என்று ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு வேத வார்த்தையைச் சொல்லச் சொல்கிற உபாகமம் 6:7, வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்றுதான் அடுக்குகிறது. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று அங்கே இல்லை. இயேசுவே ஊழியத்தைத் தொடங்கும்போது ஏறக்குறைய 30 வயது என்கிறது லூக்கா. அதுவரை நாசரேத்தில் ஒரு தச்சர் குடும்பத்தில் பிள்ளையாக வளர்ந்து வேலை செய்தவர், அந்த வருஷங்கள் எல்லாம் வீணா என்ன? சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1522-இல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, ஒரு தகப்பன் விசுவாசத்தோடு குழந்தையின் பீத்துணியை அலசினால் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் கடவுள் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ச்சியாகப் புன்னகைக்கிறார் என்கிறார். இதை எங்கள் வீட்டில் இரண்டு தடவை சத்தமாக வாசித்துவிட்டேன். துணி இன்னும் என் பக்கம்தான் இருக்கிறது.

கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் கூட்டம் என்றால் உடனே மார்த்தாளை இழுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தில் அவள் சகோதரி மரியாள் உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் அடுப்படியில் அலைந்தாள், நீங்கள் மார்த்தாளாக இருக்காதீர்கள் என்பார்கள். சரி, அப்படிப் பேசி முடித்ததும் சாப்பிட எங்கே போகிறார்கள்? பின்னால் நின்று சமைத்த சகோதரிகளுக்கு அந்தப் பிரசங்கத்தில் பாதிகூடக் காதில் விழுந்திருக்காது. கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் இயேசு மார்த்தாளிடம் சொன்னார், சமைக்காதே என்று சொல்லவில்லை. யோவான் 12-இல் அவள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள், அங்கே அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகோதரன் லாசரு செத்து நாலு நாளான துக்கத்தில் நின்றுகொண்டு, நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன் என்று அறிக்கையிட்டதும் அதே மார்த்தாள்தான். உங்கள் சபையிலும் யாராவது அவளை மட்டம் தட்டினால், யோவான் 11:27-ஐ எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே.