யார் அளந்தது? – கூடலூர் வாசிப்பு வட்டத்தில் கேள்வி பதில்

தேனி மாவட்டம் கூடலூரில் மாதக் கடைசி ஞாயிறன்று எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். கம்பம், போடி பக்கமிருந்தும், எல்லை தாண்டி குமுளி, வண்டிப்பெரியாறிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இந்த முறை அரசியல், சுற்றுச்சூழல், அறிவியல் வாசிப்பு பற்றி எதை வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். சீட்டு வந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

கம்பம், ஜவுளிக்கடை ஊழியர்: டீச்சர், நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அறிவியல் படிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. சாயம் ஏன் ஒரு துணியில் நிற்கிறது, இன்னொன்றில் ஏன் வெளுக்கிறது என்பது நல்ல வேதியியல் கேள்வி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ சிறுவர் இதழ்தான், ஆனால் பெரியவர்கள் தயங்காமல் படிக்கலாம். பழைய இதழ்களைத் தேடி எடுங்கள்.

படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். எங்கே ஒரு எண் வந்தாலும் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: யார் அளந்தது? எங்கே அளந்தது? எப்போது? அரசு சொன்னாலும் நம் தோழர்கள் சொன்னாலும், நானே சொன்னாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். கேரளத்தில் 1962இல் சில அறிவியல் எழுத்தாளர்கள் சேர்ந்து சாஸ்திர சாகித்ய பரிஷத்தைத் தொடங்கினார்கள். மலையாளத்தில் அறிவியல் எழுத வேண்டும் என்பதுதான் அன்று அவர்களுக்கு இருந்த நோக்கம். பதினைந்து வருடம் கழித்து அமைதிப் பள்ளத்தாக்கில் (சைலன்ட் வேலி) குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டப் போனபோது, அதே ஆட்கள்தான் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், எவ்வளவு காடு மூழ்கும், வேறு வழி உண்டா என்று கணக்குப் போட்டு மக்கள் முன்னால் வைத்தார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

கூடலூர், நெல் விவசாயி: முல்லைப் பெரியாறு அணை உடையும் என்று அங்கே சொல்கிறார்கள், உடையாது என்று இங்கே சொல்கிறோம். உண்மை எது?

ஐயா, உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரைப் பற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். 1895இல் அணை முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் சேர்த்துக் கட்டிய கல் அணை, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்பது. 1979இல் பயம் கிளம்பியபோது நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். அதன் பிறகு மூன்று வேலைகள் நடந்தன: மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள், எஃகுக் கம்பி வடங்களை அடிப்பாறை வரை இறக்கி இழுத்துக் கட்டினார்கள், பின்பக்கம் கான்கிரீட்டால் முட்டுக் கொடுத்தார்கள். இன்று நிற்பது 1895ஆம் வருடத்து அணை மட்டும் அல்ல என்பதை இரண்டு பக்கத்திலும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2012இல் நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு அணை பாதுகாப்பாக இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்துத் தீர்ப்பு சொன்னது.

அப்புறம், நம் பக்கத்தில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே முதலில் வரும் ஊர்கள் வல்லக்கடவும் வண்டிப்பெரியாறும். அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், படுத்துத் தூங்குகிறவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். மழை இரவில் மதகு திறக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்லப்படுகிறது என்பது நம் கேள்வியாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கீழே இருப்பவரின் பயத்தைக் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை.

குமுளி, ஏலத்தோட்டத் தொழிலாளி: அக்கா, மருந்தடிக்கிற நாளில் தலைவலியும் கண் எரிச்சலும் வருகிறது. மேஸ்திரி சூடு என்கிறார்.

தங்கச்சி, சூடு என்று விட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் சட்டம் அந்த நிறங்களை வைத்திருக்கிறது. ஏலத்துக்கு அடித்துவந்த குயினால்பாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பில் ஒரு நொதியை முடக்குகின்றன. அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. தலைவலி, வியர்வை, கண்ணில் நீர், வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது எல்லாம் அந்த நொதி முடங்கும்போது வருபவை. ரத்தத்தில் அதை அளக்க முடியும், ‘கோலினெஸ்டரேஸ்’ பரிசோதனை என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவின் பெயரை எழுதியோ போனில் படம் எடுத்தோ கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரியாவிட்டால் டாக்டர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். தெளித்தது தனியார் முதலாளி அல்ல, அரசுத் துறை நிறுவனம். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றம் போனார். 2000ஆம் வருடத்தோடு தெளிப்பு நின்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்ன உத்தரவு வந்தது 2017இல்தான். முதலில் கவனித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களிடமும் அன்று ‘இதெல்லாம் சாதாரணம்’ என்றுதான் சொன்னார்கள். தோட்டத்தில் உங்களோடு மருந்தடிக்கும் எல்லோருடைய தலைவலியையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தனி ஆளின் தலைவலியை யாரும் கேட்க மாட்டார்கள், பத்துப் பேருடைய நோட்டை ஒதுக்கிவிட முடியாது.

வண்டிப்பெரியாறு, ஆட்டோ ஓட்டுநர்: அணை எப்போது உடையும்?

மேலே சொல்லியிருக்கிறேன். தேதி சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

போடி, கல்லூரி மாணவி: நியூட்ரினோ ஆய்வகம் பொட்டிபுரத்தில் வந்திருந்தால் கதிர்வீச்சு பரவியிருக்குமா டீச்சர்?

இல்லை மகளே. நியூட்ரினோ என்பது எதனோடும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உன் விரல் நகத்தின் அளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி புகுந்து மறுபக்கம் போகின்றன. நீ பிறந்த நாளிலிருந்து போய்க்கொண்டே இருக்கின்றன, உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆய்வகத்தை மலைக்கு அடியில் வைப்பது நியூட்ரினோவை அடைத்து வைக்க அல்ல. வானிலிருந்து விழும் மற்றத் துகள்களை மலை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் வந்து சேரும். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ரகசியம் பேசினால் காதில் விழாது, கதவைச் சாத்திய அறையில் விழும். மலைதான் அந்தக் கதவு. கோலார் தங்கவயலின் ஆழமான சுரங்கத்தில் 1965லேயே நம் ஆட்கள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள், உலகத்தில் முதலில் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. பொட்டிபுரத்தில் வைப்பதாக இருந்தது 50,000 டன் அளவு காந்தமூட்டிய இரும்பு. அதில் அணு உலையும் கிடையாது, அணுக் கழிவும் கிடையாது.

இங்கே கூட்டத்தில் பேச்சு சூடாகிவிட்டது. தேனிப் பக்கத்து இயற்கை விவசாயி ஒருவர் எழுந்து, “அப்படியென்றால் போராடிய நாங்கள் எல்லாம் முட்டாள்களா? நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவருக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

ஐயா, நீங்கள் போராடியது சரி. அதற்கு மேடையில் சொன்ன காரணங்களில் பாதி தவறு. சரியான காரணங்கள் இருந்தும் அவற்றை நாம் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். முதலில் நீலகிரியில் சிங்காராவில்தான் இடம் பார்த்தார்கள், முதுமலை புலிகள் காப்பகம் பக்கத்தில் என்பதால் 2009இல் அது மறுக்கப்பட்டது. அப்புறம்தான் பொட்டிபுரம் பக்கத்துப் போடி மேற்கு மலை. அங்கிருந்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பெரியாறுக் காட்டிலிருந்து மதிகெட்டானுக்குப் புலி போகும் வழி அந்த மலைதான். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைய வெடி வைக்க வேண்டும், உடைத்த பாறையை எங்காவது கொட்ட வேண்டும். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தைக் ‘கட்டுமானம்’ என்ற பிரிவில் போட்டு அனுமதி கொடுத்தது. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. மலையைக் குடையும் வேலையை அடுக்குமாடி வீடு கட்டும் கணக்கில் சேர்த்தார்கள். நம் கோபம் அங்கே நின்றிருக்க வேண்டும்.

உடனே மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். “தென்னிந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆய்வகம் போய்விட்டது. சீனா ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகத்தைக் கட்டி 2025இல் வேலையும் ஆரம்பித்துவிட்டது. உங்கள் வருத்தம் புலிக்கு மட்டும்தானா?”

ஐயா, அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியிருக்கிறேன், நம் மலைக்குள் உலக ஆய்வு நடந்தால் அவர்களில் நாலு பேராவது அங்கே வேலை செய்திருப்பார்கள் என்று கனவு கண்டவள்தான் நானும். ஆனால் கிராமத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுதான் துகள், இத்தனை டன் வெடிமருந்து, இவ்வளவு தண்ணீர், இத்தனை வருடம் என்று ஆரம்பத்திலேயே நேராகச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடம் இருந்திருக்காது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்துவிட்டது. நல்ல அறிவியல் வந்தால் மட்டும் போதாது, அது நல்ல வழியில் வர வேண்டும். அதே போல, சரியான போராட்டத்துக்குப் பொய் தேவையில்லை. கதிர்வீச்சு என்று பயந்த ஒரு பெண்மணி, தன் மகளுக்கு எக்ஸ்ரே எடுக்கவே மறுத்ததை நான் நேரில் பார்த்தேன். அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு?

இருவரும் பிறகு டீ குடிக்கும் வரை பேசினார்கள். மற்றச் சீட்டுகளை நான் அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது.

நெடுங்கண்டம், சிறு ஏல விவசாயி: காட்கில் அறிக்கை எங்களை மலையிலிருந்து விரட்டச் சொல்கிறதா?

சொல்லவில்லை. சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் கொடுத்த அந்த அறிக்கை மேற்குத் தொடர்ச்சி மலையை மூன்று மண்டலமாகப் பிரித்து, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லி, கடைசி முடிவைக் கிராம சபைகளிடம் கொண்டுபோகச் சொன்னது. குடியேறியவரை வெளியேற்று என்று எங்கும் இல்லை. அதற்குப் பின்னால் வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையை எதிர்த்து 2013இல் இடுக்கியில் கடையடைப்பு நடந்தபோது இரண்டில் ஒன்றையாவது படித்தவர்கள் எத்தனை பேர்? 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. மறுநாளே, மலையில் எந்தெந்தப் பகுதியைச் சூழல் காப்புப் பகுதியாக்கலாம் என்ற வரைவு அறிவிக்கை ஆறாவது முறையாக வந்தது. இடையில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 70 பேர் போனார்கள். எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், லயத்தோடு மண்ணுக்குள் போனவர்கள். லயம் எந்தச் சரிவில் இருக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. மண்டலம் பற்றிய வாதத்தில் நில உடைமைக்காரர் குரல்தான் கேட்கிறது. அதே மூணாறில் 2015இல் ‘பொம்பிளை ஒருமை’ என்று பெண்கள் தாங்களே சேர்ந்து, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் போனசுக்குப் போராடி 20 சதவீதம் வாங்கினார்கள். லயம் இருக்கும் இடத்தைப் பற்றியும் அவர்கள்தான் பேச வேண்டும்.

உத்தமபாளையம்: பட்டா மாற்றத்துக்கு எங்கே போக வேண்டும்?

எனக்குத் தெரிந்த துறை இல்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள்.

கம்பம், மாணவர்: முற்போக்கு என்றால் கடவுளை மறுக்க வேண்டுமா?

நான் மறுக்கிறேன். ஆனால் அது நுழைவுச் சீட்டு அல்ல. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகக் கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்துதான் நின்றார்கள். பெரியார் இங்கிருந்து போய் இரண்டு முறை சிறை போனார். தெருவில் யாரை நடக்க விடுகிறோம் என்று முதலில் பார்ப்போம்.

குமுளி: இந்த மாதம் நிலநடுக்கம் வந்து அணை உடையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?

மூன்றாவது முறை அணை. நிலநடுக்கத்தின் நாளை முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அதை அனுப்பியவரிடம் கேளுங்கள்: யார் அளந்தது, எங்கே, எப்போது? பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

லோயர் கேம்ப், பதினொன்றாம் வகுப்பு மாணவி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்யலாம் டீச்சர்?

மழையை அளங்கள். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சிறு அமைப்பு ஊர்க்காரர்களையும் விவசாயிகளையும் வைத்து மழைமானிகளின் வலையைப் போட்டிருக்கிறது. 2024இல் சரிவுக்கு முந்தைய நாளே அவர்கள் எச்சரித்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் போதும். மரம், கூரை பக்கத்தில் இல்லாத இடத்தில் ஆடாமல் நிறுத்துங்கள். தினமும் காலை 8:30க்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் ஸ்கேலால் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது. ஒருத்தி லோயர் கேம்ப்பில், ஒருத்தி கூடலூரில், குமுளியில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே ஒன்று. அடுத்த மாதம் நோட்டைக் கொண்டு வாருங்கள், முதல் சீட்டுக்கு முன்னால் அதைப் படிப்போம்.