மலை ரயில் பெட்டிக்குப் பித்தளைக் கிராதி

கேள்வி: ஐயா, நீலகிரி மலை ரயிலின் சிறு மாதிரியை 1:87 அளவில், 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும்படி செய்துவருகிறேன். பெட்டியின் முன்மேடையில் பிரேக்ஸ்மேன் நிற்பாரே, அந்த மேடையின் கிராதியை அட்டையில் வெட்டினால் தடிதடியாக இருக்கிறது. பித்தளைத் தகட்டில் எட்சிங் (கரைசலால் அரித்து வடிவம் எடுப்பது) செய்து வாங்கச் சொல்கிறார்கள். கணினியில் வரையத் தெரியும். இதற்கு எப்படி வரைவது?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் தம்பி. அந்த மேடையும் கிராதியும் சரியாக அமைந்தால்தான் அது ஊட்டி ரயில் பெட்டி.

முதலில் வேலை நடக்கும் விதம். தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, உங்கள் வரைபடத்தை ஃபிலிமாக்கி இருபுறமும் வைத்துப் புற ஊதா ஒளி காட்டுவார்கள். பூச்சு கழுவிப்போன இடத்தை ஃபெரிக் குளோரைடு அரிக்கும். இரு பக்கமும் திறந்திருந்தால் ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் தகடு ஏறக்குறைய பாதி கனமாக இளைக்கும். இந்தப் பாதி அரிப்பைப் பழகிக்கொள்ளுங்கள், மடிப்பு, ரிவெட், பலகை இடுக்கு எல்லாமே அதில்தான் வரும்.

இப்போது கிராதி. நிஜக் கம்பி 20 மி.மீ. என்று வைத்தால் 87-இல் வகுக்க 0.23 மி.மீ. அதை அப்படியே வரைந்துவிடாதீர்கள். கரைசல் உள்ளே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் தின்னும். கம்பியோ இடைவெளியோ தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 0.25 மி.மீ. தகடு என்றால் நான் கம்பியை 0.3 ஆக வரைவேன். அரித்தபின் அது மெலிந்து வரும். கொஞ்சம் தடித்த கம்பியை யாரும் கவனிக்க மாட்டார்கள், நடுவில் ஒன்று அறுந்திருந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

மேடையின் மூன்று பக்கத்தையும் தனித்தனியாக வரைய வேண்டாம். ஒரே பட்டையாக வரைந்து, மூலைகளில் பாதி அரிப்புக் கோடு கொடுங்கள். கோடு மடிப்பின் உள்பக்கம் இருக்க வேண்டும், அகலம் தகட்டின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாக. மடித்ததும் பள்ளம் மூடிக்கொண்டு மூலை செங்கோணமாக நிற்கும். பிறகு உள்ளே கொஞ்சம் ஈயம் ஓடவிட்டால் போதும். கிராதியின் அடியில் சிறு நாக்குகள் விட்டு, தரைத் தகட்டில் அவற்றுக்குத் துளை வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பற்றவைக்கும் அவஸ்தை இருக்காது.

ரிவெட் வேண்டிய இடத்தில் பின்பக்கம் சின்ன வட்டமாகப் பாதி அரிப்பு. மழுங்கிய ஊசியால் அங்கே அழுத்தினால் முன்பக்கம் மொட்டு எழும்பும்.

எட்சிங்கில் வருவதெல்லாம் தட்டையாகத்தான் வரும். கைப்பிடியின் மேல்கம்பி தட்டையாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதை மட்டும் 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் செய்து மேலே பற்றவையுங்கள். பிரேக் சக்கரம் எட்சிங்கில் அருமையாக வரும், அதன் தண்டு கம்பியாகவே இருக்கட்டும்.

வரைபடத்தில் எந்த நிறம் தகட்டின் எந்தப் பக்கத்தைக் குறிக்கும் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும், கேட்டுவிட்டு வரையுங்கள். அப்புறம், ஃபிலிமுக்குத் தரும் பணம் ஒரு தடவைதான். தகட்டில் மிஞ்சும் மூலைகளில் கூடுதல் கிராதி, படிக்கட்டு, பிரேக் சக்கரம் என்று நிரப்பிவிடுங்கள். அனுப்பும் முன் அதே அளவில் அட்டையில் அச்சடித்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். எந்த மடிப்பு எந்தப் பக்கம் என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: பித்தளையா, நிக்கல் சில்வரா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வண்ணம் பூசப்போகும் பெட்டிக்குப் பித்தளை போதும், நன்றாக வளையும். கல்லாறு–குன்னூர் பகுதியின் பல்சட்டத்தை, அதாவது ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பற்றும் சட்டத்தை, செய்வதானால் நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை). விறைப்பாக நிற்கும், நிறமும் எஃகு போல இருக்கும். அங்கே இருப்பது ஆப்ட் முறை. இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும். ஆகவே இரண்டாவது பட்டையை அரைப் பல் தள்ளி வரையுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே அரிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரு பக்கம் மட்டும் அரிக்கும் பெயர்ப்பலகைக்குச் சரி. இரு பக்க ஃபிலிமும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டிய கிராதிக்கு வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிளாஸ்டிக் தட்டு மட்டுமே பயன்படுத்துங்கள். செம்பு கரைந்த அந்தத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது.