வடக்கே போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பதினேழு வருடங்களாக லண்டன் ஹரோவில் இருக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபத்து நான்கு வயது அம்மா. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்கு வேலை செய்கிறேன். இப்போது வேலை வீட்டிலிருந்துதான். மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போனால் போதும். கடந்த ஜூலையில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியாவுக்குப் போய் கெஸிக்கில் ஒரு வாரம் தங்கினோம். பொரோடேல் பள்ளத்தாக்கில் நடந்தபோதுதான் நான் எவ்வளவு இரைச்சலுக்குள் வாழ்கிறேன் என்பது விளங்கியது. ஹரோ வீட்டை விற்றால் அந்தப் பக்கம் ஒரு கல் வீட்டைக் கடனில்லாமல் வாங்கலாம். அன்று முதல் வேறு நினைவே இல்லை.

என் பயமெல்லாம் மழைதான். "அங்கே வருடம் முழுக்க மழை, ஒரு மாரிக்குத் தாங்கமாட்டாய்" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் லண்டனை விட்டு ஈடன் பள்ளத்தாக்குக்குக் குடிபோனவர். அந்த மழையோடு வாழ முடியுமா? வேலை செய்யும் அளவுக்கு இணையம் கிடைக்குமா? மகள் தனித்துப்போவாளா?

மனைவி இங்கே ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர். கார் ஓட்டப் பழகவில்லை. வருவதற்கு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அம்மா எங்களோடு வருவார்.

(பெயர் வேண்டாம்), ஹரோ

அன்புள்ள தம்பி,

மழையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியது அதுதான்.

லண்டனில் வருடத்துக்கு ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் அதைப்போல இரு மடங்கு. ஆனாலும் நாங்கள் யாழ்ப்பாணத்தை வறண்ட மண் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். மாரியில் கொட்டித் தீர்க்கும், மிச்ச மாதங்களில் வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடும். இங்கே அப்படியில்லை. கம்பிரியாவின் ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ரிக்ற்) என்னும் மலைப்பக்கத்தில் வருடத்தில் 200 நாட்களுக்கு மேல் மழை உண்டு. நின்ற பிறகும் மண் காயாது, சுவர் காயாது, துணி காயாது. மழைக்கு ஒரு நல்ல மேலங்கி போதும். காயாத ஈரத்தோடு வாழத்தான் பழக வேண்டும்.

அடுத்தது, "வடக்கில் மழை" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. நீங்கள் நடந்த பொரோடேலின் தலைப்பில் சீத்வெயிட் என்று சில வீடுகளே கொண்ட ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தில் சனம் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது அதுதான்: வருடத்துக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றர். அதே பள்ளத்தாக்கு முடியும் கெஸிக்கில் 1,500 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே முப்பது கிலோமீற்றர்கூட இல்லாத பென்ரித்தில் ஆயிரத்துக்கும் கீழே. ஒரே மாவட்டம், ஒரே வானிலை அறிக்கை, மூன்று வேறு வாழ்க்கை. மழையைத் தாங்க முடியுமா என்று கேட்பதற்கு முன், மலையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நான் ஈடன் பள்ளத்தாக்கில் இருப்பதால் மழைநிழலில் இருக்கிறேன். அதற்குப் பதிலாக எங்களுக்குக் காற்று. பென்னைன் மலைத்தொடரின் உச்சியான குறொஸ் ஃபெல்லுக்கு மேலாக வடகிழக்கிலிருந்து சரிந்து இறங்கும் ஹெல்ம் காற்று, பிரித்தானியாவில் தனிப்பெயர் பெற்ற ஒரே காற்று. அது நாள் கணக்கில் விடாமல் அடிக்கும்போது பேசக்கூட மனம் வராது.

கல் வீடு பற்றி எழுதியிருந்தீர்கள். பழைய கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உள்ளே போகும் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகவே வெளியே வரும். அதன்மேல் யாராவது சீமெந்து பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். எங்கள் சமையலை நினைத்துப் பாருங்கள்: சோறு, பருப்பு, குழம்பு என்று மூன்று அடுப்பும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், ஜன்னல் திறக்க முடியாத குளிர். ஜனவரிக்குள் அலுமாரியின் பின்பக்கம் கறுப்புப் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுக்களையில் வெளியே இழுத்துவிடும் விசிறியும், ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இல்லாத வீட்டில் ஒரு மாரியைக் கழிக்கவே கூடாது. இங்கே பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. தோட்டத்தில் ஒரு தாங்கி, அதில் எண்ணெய். ஒரு தடவைக்குக் குறைந்தது 500 லீற்றர் வாங்க வேண்டும். ஊர்ச்சனம் சேர்ந்து ஒன்றாகக் கட்டளை கொடுத்து விலையைக் குறைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள், அயலவரைத் தெரிந்துகொள்ளவும் அதைவிட நல்ல வழி இல்லை.

வெள்ளத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள், ஜூலையில் ஆறுகள் அவ்வளவு சாதுவாக இருக்கும். 2015 டிசெம்பர் 5ஆம் திகதி, டெஸ்மண்ட் புயலில், பொரோடேலுக்கு மேலேயுள்ள ஹொனிஸ்டர் கணவாயில் 24 மணித்தியாலத்தில் 341 மில்லிமீற்றர் பெய்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதில் கால்பங்குக்கு மேல். கார்லைல் மூழ்கியது. கெஸிக்கையும் கிராஸ்மியரையும் இணைக்கும் ஏ591 வீதி டன்மெயில் கணவாயில் உடைந்துபோய், மறுபடி திறக்க அடுத்த மே மாதமாகிவிட்டது. வீடு பிடித்துவிட்டது என்பதற்காக அவசரப்படாதீர்கள். சுற்றுச்சூழல் முகவரகத்தின் வெள்ள வரைபடத்தில் அந்த அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். வீட்டுக் காப்புறுதி கிடைக்குமா, என்ன விலைக்கு என்பதைக் கையெழுத்து வைக்க முன்னரே கேளுங்கள். உங்கள் தொழிலே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலுக்குப் பிறகு வடக்கில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாக மின்சாரம் வரவில்லை. விறகு அடுப்பு ஒன்று இருக்கட்டும்.

இணையம் பெரிய கவலையில்லை. கம்பிரியாவின் தெற்கிலும் வட லங்காஷயரிலும் 'பார்ன்' என்று எல்லோரும் அழைக்கும் ஓர் ஊர்ச் சங்கம் இருக்கிறது. 2011இல் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் எங்களுக்கு வராது என்று தெரிந்ததும் ஊரவர்களே மண்வெட்டியும் இயந்திரமுமாக வயல்களுக்குள் குழிவெட்டிக் கண்ணாடியிழை போட்டார்கள். விவசாயிகள் பணம் வாங்காமல் தங்கள் நிலத்தினூடாக விட்டார்கள். நகரத்தில் பலருக்குக் கிடைக்காத வேகம் அங்கே ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவில் கிடைக்கிறது. ஆனால் அடுத்த பள்ளத்தாக்கில் இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்கு வீடு கேட்டுத்தான் அறியவேண்டும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்திக்கு வருகிறேன். மழைக்கு அத்தனை வரிகள் எழுதிய நீங்கள், மனைவியைப் பற்றி நாலு சொல்லில் முடித்துவிட்டீர்கள். மறுப்புச் சொல்லவில்லை என்கிறீர்கள். தம்பி, அது சம்மதம் இல்லை. எனக்கு இதைச் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை.

அவருக்கு ஹரோவில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சொந்தச் சம்பளம், கூட வேலைசெய்யும் பெண்கள், கால்நடையாகப் போகக்கூடிய கடை, சுரங்க ரயில். அவர் யாரையும் கேட்காமல் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறார். பொரோடேலில் கெஸிக்குக்குப் போகும் ஒரு பஸ் இருக்கிறது. சுற்றுலாக் காலம் முடிந்ததும் அது குறையும். கார் ஓட்டத் தெரியாதவருக்கு அங்கே ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்கும் கணவரின் வேலை முடிய வேண்டும். நீங்கள் இரைச்சலிலிருந்து விடுபடுவீர்கள், அவர் உங்கள் நேரத்துக்குக் கட்டுப்படுவார். வடக்கே வந்து இரண்டாம் வருடம் திரும்பிப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒன்றுகூட மழைக்காகப் போகவில்லை. ஒருவருக்கு வேலையும் காரும் இருந்தது, மற்றவருக்கு ஜன்னல் மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு மொழி இல்லாமல் போகும். ஹரோவில் கடைக்காரரோடு கதைக்கிறார், வெள்ளிக்கிழமை யாராவது ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். கம்பிரியாவில் தமிழ்க் கோயில் கிடையாது. நியூகாசிலில் இந்துக் கோயில் உண்டு, பென்ரித்திலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். வைத்தியசாலைப் பக்கம் போனால் கேரளத்துத் தாதியரையும் ஓரிரு தமிழ் வைத்தியர்களையும் சந்திப்பீர்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பழகுங்கள், தானாக நடக்காது. டிசெம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். உயர்ந்த மலைகளுக்கு அடியிலிருக்கும் சில வீடுகளில் வாரக்கணக்காக நேர்வெயில் விழாது. எங்கள் தோலுக்கு விற்றமின் டி போதாமல் போகும், அம்மாவின் வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

மகளைப் பற்றி: ஹரோவில் 100க்கு 45 பேர் ஆசியர்கள். இங்கே 100க்கு 95 பேருக்கு மேல் வெள்ளையர்கள். என் மகன் படித்த வகுப்பில் அவன் நிறத்தில் அவன் ஒருவன்தான். பகைமையை அவன் அதிகம் காணவில்லை. கேள்விகள்தான் ஓயாமல் வந்தன, அதுவும் ஒரு பிள்ளைக்குக் களைப்புத்தான். ஒன்று உங்களுக்குச் சாதகம்: பதினொரு வயதில் எல்லாப் பிள்ளைகளும் புதிய இடைநிலைப் பாடசாலைக்குப் போகிறார்கள். அன்று எல்லோருமே புதியவர்கள். அந்தச் செப்டெம்பரில் சேரும்படி நாள் குறியுங்கள். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஒக்டோபர் 31ஆம் திகதிக்குள் போய்விட வேண்டும். இடைநடுவில் வந்து சேர்வதைவிட அது எவ்வளவோ மேல்.

என் யோசனை இது. பொரோடேலை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துச் சில ஊர்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் விடுமுறைக்காரருடையவை, நவம்பரில் விளக்கே எரியாது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் பல வீடுகளை அங்கேயே வாழ்ந்து வேலைசெய்பவருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையும் இருக்கிறது. லண்டன் சம்பளத்தோடு வரும் உங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும், ஊர்ப் பிள்ளைகள் சொந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் தவிக்கும் இடத்தில் கடனில்லாமல் வாங்குவதைப் பற்றி ஒருமுறை யோசியுங்கள். பென்ரித்தையோ கார்லைலையோ பாருங்கள். பென்ரித்திலிருந்து லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு ரயிலில் மூன்று மணித்தியாலம் சொச்சம், உங்கள் மாதப் பயணத்துக்குத் தோதானது. பாலர் பாடசாலைகள் இருக்கின்றன, மனைவியின் அனுபவத்துக்கு அங்கே வேலை கிடைக்கும். கடைக்கும் வைத்தியரிடமும் அம்மா நடந்தே போகலாம். மலை அரை மணித்தியாலத் தூரத்தில் நின்றபடி நிற்கும்.

ஹரோ வீட்டை விற்காதீர்கள், வாடகைக்குக் கொடுங்கள். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கு முன் மனைவி காரோட்டப் பழகட்டும். பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் இந்த வாரமே பதியுங்கள்.

அத்துடன், அவரே எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். உங்களுக்குக் காட்டாமல் எழுதினாலும் சரி. இங்கே பெண்களுக்கு வேலை எப்படி, ஊர்க் கூட்டங்கள் எப்படி, தனியே எங்கெல்லாம் போகலாம் என்பதையெல்லாம் அவருக்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். ஜனவரியில் வீடு பார்க்க வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நாலு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்,
அக்கா