பொஸ்னியாவுக்கு மூன்று பட்டியலில் மூன்று அதிபர்கள்: எது சரி?

உங்களிடம் உள்ள மூன்று பட்டியல்கள் பொஸ்னியாவின் அதிபராக ஆளுக்கொரு பெயரைக் காட்டுகின்றனவா? மூன்றும் சரிதான், எதையும் அழிக்காதீர்கள். பொஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கைப்படி அங்கே அதிபர் பொறுப்பு மூவரிடம் இருக்கிறது: பொஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்), குரோயேஷியர், செர்பியர் தலா ஒருவர். 2022 தேர்தலில் வென்றவர்கள் டெனிஸ் பெசிரோவிச், ஷெல்கோ கோம்ஷிச், ஷெல்கா ஸ்வியானோவிச்.

மூவருக்குள் தலைவர் பதவி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும். உங்கள் பட்டியல்கள் வெவ்வேறு மாதங்களில் தயாரானவையாக இருக்கலாம், ஒவ்வொன்றின் தேதியையும் பாருங்கள்.

மிலோராட் டோடிக் பெயர் வந்தால் மட்டும் கவனம். 2018 முதல் 2022 வரை அவர் மூவரில் ஒருவர். அதன்பின் வகித்தது, நாட்டுக்குள் தன்னாட்சி பெற்ற ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் அதிபர் பதவி. அதை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது.