மகள் பள்ளி நர்ஸாகப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னால், பள்ளிக்கூடத்து நர்ஸாகத்தான் போவேன் என்கிறாள். "இத்தனை வருஷம் படித்துவிட்டு, முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற மனதுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த வேலையில் தடுப்பூசி என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் இருவரும் பேசுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி நர்ஸின் அறையில் தடுப்பூசி முகாமுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒப்புதல் படிவங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வகுப்பில் வேண்டாம் என்று எழுதி அனுப்பியவர்கள் 2 பேர். திரும்பியே வராத படிவங்கள் 11. "இந்த 11 பேரும் எதிர்ப்பாளர்கள் என்று நினைத்துவிடக் கூடாது" என்றார். இடைவேளையில் அவர்களைக் கூப்பிட்டார். ஒரு பையன் பையைக் கவிழ்த்தான்; கணக்கு நோட்டுக்கு அடியில் நாலாக மடிந்து, ஓரம் நைந்து கிடந்தது படிவம். வீட்டில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. இன்னொரு பெண்ணின் வீட்டில் அந்தப் படிவத்தின் மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு தாய்க்கு மட்டும்தான் உண்மையிலேயே பயம் இருந்தது. அன்று சாயங்காலம் நர்ஸ் அவருக்குப் போன் செய்தார். முதலில் 10 நிமிஷம் அந்தத் தாய் பேசியதைக் கேட்டார், அவ்வளவுதான். அதற்கு அப்புறம்தான் தன் தரப்பைச் சொல்ல ஆரம்பித்தார்.

உங்கள் மகளிடம் இருக்க வேண்டிய முக்கியமான திறமை இதுதான் என்பேன். தடுப்பூசி போடச் சொல்லி அதட்டினால் தயங்குகிறவர் இன்னும் பின்வாங்குவார். "உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது?" என்று கேட்டால் பேசுவார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று கேள்விப்பட்டேன் என்பார். 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. இதைப் பதற்றமில்லாமல், எதிரில் இருப்பவரை முட்டாளாக்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொரு கேள்வி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸைத் தடுக்கும் ஊசியைப் பற்றி வரும். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி எதற்கு?" நியாயமான கேள்வி. அந்த வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயதுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி. 16, 18 என்ற இரண்டே வகைகள் காரணம். அந்த வயதுப் பிள்ளைகளை மொத்தமாக எங்கே பார்க்க முடியும்? பள்ளியில்தான். ஆஸ்திரேலியா 2007-இல் தேசிய அளவில் இதைத் தொடங்கியபோது பள்ளிகளைத்தான் நம்பியது. 2030-க்குள் 15 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு இந்த ஊசி போய்ச் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. பள்ளிக்குள் இருக்கும் நர்ஸ் இல்லாமல் அந்த எண்ணை எட்டுவது மிகவும் கஷ்டம்.

சரி, ஊசி போடும் நாளுக்கு வருவோம். அன்று அவளுடைய மருத்துவ அறிவு முழுவதும் தேவைப்படும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும், ரணஜன்னி, எச்.பி.வி. போன்ற சில மருந்துகள் உறைந்துபோனாலும் வீண் என்பது பலருக்குத் தெரியாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்த குப்பியைத் தூக்கிப் போடத் துணிவு வேண்டும், பக்கத்தில் கேட்டுக்கொள்ள டாக்டர் இருக்க மாட்டார்.

வளரும் பிள்ளைகள் ஊசி போட்டதும் மயங்கி விழுவது சகஜம். வரிசையில் ஒருத்தி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்தவளுக்கும் தலை சுற்றும். அதனால்தான் அனுபவமுள்ள நர்ஸ் திரை கட்டி, உட்கார வைத்துப் போட்டு, 15 நிமிஷம் பக்கத்திலேயே இருக்க வைப்பார். அந்த 15 நிமிஷத்தில் அவர் தேடுவது வேறொன்றையும். சாதாரண மயக்கம் என்றால் முகம் வெளிறும், நாடி மெதுவாகும், படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் சீக்கிரம் தெளிந்துவிடும். தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், இழுப்பு, வேகமாக ஓடும் பலவீனமான நாடி என்றால் கடும் ஒவ்வாமை. தொடையின் வெளிப்புறத்தில் உடனே அட்ரினலின் போட வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிள்ளையை விட்டு நகரக் கூடாது. இது மிக மிக அரிது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டியவள் உங்கள் மகள். சிராய்ப்புக்கு மருந்து போடும் வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தட்டம்மை பரவினால் நிலைமை இன்னும் கடுமை. தடுப்பு இல்லாதவர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் 10 பேரில் 9 பேருக்கு வரும் அளவுக்குத் தொற்றும் நோய் அது. யார் இரண்டு தவணை போட்டிருக்கிறார்கள், யார் போடவில்லை என்ற பட்டியல் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ முடியும். ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். அவனுக்குத் தட்டம்மை ஊசி போட முடியாது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவனுக்குப் பாதுகாப்பு. அவன் பெயரை வெளியே சொல்லாமல் அவனைக் காப்பாற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்டீர்கள். 1902 அக்டோபரில் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற ஒரே ஒரு நர்ஸை 4 பள்ளிகளுக்கு, ஒரு மாதச் சோதனையாகத்தான் அனுப்பினார்கள். தொற்று இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் வராமலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசி, சிகிச்சைக்கு வழி காட்டி, பிள்ளைகளைத் திரும்ப வகுப்புக்கு வர வைத்தார். சோதனை நிரந்தரமானது, பள்ளி நர்ஸ்கள் பெருகினார்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். பல இடங்களில் சம்பளம் ஆஸ்பத்திரியை விடக் குறைவு. பதவி உயர்வுக்குப் படிகள் கம்மி. சக நர்ஸ் யாரும் இல்லாத தனிமை சிலருக்கு ஒத்துவராது. அதனால் என் யோசனை: படிப்பு முடிந்ததும் 2 வருடமாவது குழந்தைகள் வார்டிலோ அவசரப் பிரிவிலோ வேலை பார்க்கட்டும். தனியாக முடிவெடுக்கும் கை அங்கேதான் பழகும். அதன் பிறகு பொது சுகாதாரத்தில் ஒரு மேற்படிப்பு இருந்தால், பள்ளியிலிருந்து மாவட்ட அளவிலான தடுப்பூசிப் பணிக்குப் போகவும் வழி திறக்கும். யார் ஊசி போடலாம், யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும்; அவள் வேலை பார்க்கப் போகும் இடத்தின் விதியை முன்பே படித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவள் 3 விஷயங்களைக் கேட்கட்டும். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்க்கலாமா? அட்ரினலின் எங்கே இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது? பெற்றோரோடு தனியாகப் பேச அறை உண்டா? மூன்றுக்கும் திணறினால், வேறு பள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.