கேள்வி – பதில்: தீயணைப்பு வண்டி நிலையம் திரும்பிய பிறகு

கேள்வி: மோசமான அழைப்பு முடிந்து வந்த அன்றே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததைச் சொல்லவைத்தால் மனபாரம் இறங்கிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?
– ஒரு நிலைய அலுவலர், சேலம் மாவட்டம்

பதில்: உட்காரவையுங்கள், பேச வற்புறுத்தாதீர்கள். தீயணைப்புப் பணியில் இருந்த அமெரிக்கர் ஜெஃப்ரி மிட்செல் வகுத்து 1980களில் வெளியிட்ட முறை அது. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் நடந்ததைக் கிளறுவது பிற்பாடு வரும் மனப் பாதிப்பைத் தடுக்கவில்லை. சிலருக்குக் கூடவும் செய்தது. உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுவிட்டது. பம்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்ற ஓட்டுநர், உடலைத் தூக்கியவர் வாயால் விவரம் கேட்டு, தான் பார்க்காத காட்சியையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா என்ன?

குளித்து, உடை மாற்றி, இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகு பத்து நிமிடம் போதும். ‘சில நாள் தூக்கம் கெடும், அந்த வாடை மூக்கிலேயே நிற்கும், வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுவீர்கள், பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும்’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும்’ என்பவரை அங்கேயே நிறுத்துங்கள். மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

விசாரிப்பது அடுத்த ஷிப்டில், தனியாக, ஒரு சக ஊழியர் மூலம். நீங்கள் வேண்டாம். விடுப்பில் கையெழுத்துப் போடுபவரிடம் யார் மனம் திறப்பார்கள்? அந்த ஊழியரைத் தேர்ந்தெடுக்க, ‘வீட்டில் பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?’ என்று எல்லோரிடமும் கேட்டு, ஆளுக்கு இரண்டு பெயர் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதிகம் வரும் பெயர் பெரும்பாலும் நன்றாகப் பேசுபவருடையது அல்ல, வாய் காப்பவருடையது. கேட்டது டீக்கடைக்குப் போனால் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதை அவர் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். நிலையப் பதிவேட்டில் எதையும் எழுத வேண்டாம்.

கேள்வி: கிணற்றில் விழுந்த குழந்தையின் உடலை என் கணவர் மேலே கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. இரவில் திடுக்கிட்டு எழுகிறார். எங்கள் பையனைத் தொட்டித் தண்ணீர்ப் பக்கம்கூட விடுவதில்லை.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இவ்வளவு நாளில் இது அபூர்வமில்லை. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தினமும் குடிப்பது, வேலைக்குப் போக முடியாமல் போவது, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு – இதில் ஒன்று வந்தாலும் மாதக் கணக்கு பார்க்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்; இரவிலும் தமிழில் பேசலாம். நீங்களே அழைத்து யோசனை கேட்கலாம்.

‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். அவர் மறக்க முயன்றுகொண்டுதான் இருக்கிறார். திடுக்கிட்டு எழுந்தால் விளக்கைப் போடுங்கள், காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். கனவைப் பற்றி அப்போது கேட்க வேண்டாம்.

கேள்வி: ஏப்ரல் 14ல் தீயணைப்பு வீரர்களை நினைவுகூர்வது ஏன்? எங்கள் பள்ளியில் எப்படிச் செய்வது?
– ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: 1944ல் அதே நாள், பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பலில் தீ. உள்ளே பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருள். அணைக்கும் வேலை நடக்கும்போதே மாலை 4.06க்கு வெடித்தது; சுமார் அரை மணி நேரத்தில் மறுபடியும். 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். நமக்கு அன்று சித்திரை முதல் நாள், விடுமுறை. நினைவு வாரம் 20ஆம் தேதி வரை என்பதால் வேலைநாள் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே 2020 தீபாவளி நேரத்தில் பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் பெயரை வாசிக்க விரும்பினால் முதலில் நிலையம் வழியாகக் குடும்பத்தின் சம்மதம் கேளுங்கள். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பெயர், இன்ஷியல், பதவி மூன்றையும் எழுதி வாங்குங்கள். மைக்கில் பெயர் தப்பாக வருவதுதான் இந்த நிகழ்ச்சிகளில் அடிக்கடி நடக்கும் அவமரியாதை. வந்தால் முன்வரிசை அவர்களுக்கு, சிறப்பு விருந்தினருக்கு அடுத்த வரிசை. இரண்டு நிமிட மௌனத்தைக் கடிகாரம் பார்த்து முழுதாக விடுங்கள். விபத்துக் காட்சிகளைத் திரையில் போடாதீர்கள்.