திரைப்படங்களில் மறைபொருள்: கேள்வி பதில்

புகழ்பெற்ற படங்களை மதக் குறியீடுகள், மறைஞானம், சதிக்கோட்பாடுகள் ஆகியவற்றின் வழியே வாசிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரு குறியைக் கண்டவுடன் அது எந்தக் காலத்தது, கேமராவின் முன் அதை யார் எதற்காக வைத்தார்கள் என்ற இரண்டையும் விசாரித்துவிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, பல படங்களில் முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண் வருகிறதே, அது இல்லுமினாட்டிகளின் முத்திரைதானே?

பதில்: இல்லை. ஆடம் வைஸ்ஹவுப்ட் என்ற பேராசிரியர் 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் தொடங்கிய அந்த இரகசியச் சங்கத்தைப் பத்தாண்டு நிறைவதற்குள் அரசின் தடையாணைகள் முடக்கிவிட்டன. அவர்கள் பயன்படுத்திய சின்னம் மினர்வா தேவியின் ஆந்தை. முக்கோணக் கண்ணோ அதற்கு முன்பிருந்தே கிறித்தவ ஓவியத்தில் திரித்துவக் கடவுளின் பார்வையைக் குறித்து வந்தது. 1782-இல் அமெரிக்க அரசு முத்திரையிலும் 1935-இல் ஒரு டாலர் தாளிலும் இடம்பெற்ற பிறகு எல்லோர் கண்ணிலும் படலாயிற்று. இன்று ஒரு கலை இயக்குநர் இரகசியச் சங்கம் ஒன்றை நொடியில் உணர்த்த விரும்பினால் அந்தக் கண்ணையே சுவரில் வரைவார். பார்வையாளர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கேள்வி: சுவரொட்டியில் நடிகை ஒரு கண்ணைக் கையால் மறைத்திருக்கிறார். இதுவும் அதுவா?

பதில்: நிழற்படக் கலைஞர் அப்படி நிற்கச் சொல்லியிருப்பார்.

கேள்வி: நிலவில் இறங்கிய காட்சியைத் தாமே படமாக்கியதை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்தில் மறைமுகமாக ஒப்புக்கொண்டார் என்கிறார்களே?

பதில்: இந்த வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. முதலாவது, சிறுவன் டேனி அணிந்திருக்கும் அப்பல்லோ 11 கம்பளிச் சட்டை. ஆடை வடிவமைப்பாளர் மிலேனா கனோனெரோவின் தோழி ஒருவர் அதைக் கையால் பின்னினார் என்று குப்ரிக்கின் உதவியாளராக இருந்த லியோன் விட்டாலி விளக்கியிருக்கிறார். இரண்டாவது, படத்துக்கு மூலமான நாவலில் 217 ஆக இருந்த அறை எண் படத்தில் 237 ஆனது. நிலவு 2,37,000 மைல் தொலைவில் இருப்பதே காரணம் என்கிறார்கள். சராசரித் தொலைவு ஏறக்குறைய 2,38,900 மைல் என்பதால் கணக்கு பொருந்தவில்லை. வெளிப்புறக் காட்சிக்குப் பயன்பட்ட டிம்பர்லைன் விடுதியில் 217 உண்டு, 237 இல்லை. உண்மையான அறையில் தங்க விருந்தினர் அஞ்சுவார்கள் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் எண் மாறியது. சதிக்கோட்பாட்டாளர் இதைக் கேட்டதும், அந்த விளக்கமும் மூடிமறைப்பின் ஒரு பகுதியே என்பார். எதிர்ச்சான்றையெல்லாம் தனக்குச் சாதகமான சான்றாக விழுங்கிவிடும் வாசிப்போடு வாதிட்டுப் பயனில்லை.

கேள்வி: 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் வரும் பசூசு உண்மையில் வழிபடப்பட்ட சாத்தானா?

பதில்: பசூசு மெசொப்பொத்தேமியாவின் காற்றுப் பேய், கொடியதுதான். ஆனால் கருவுற்ற பெண்களையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் லமாஷ்து என்ற பேயை விரட்டுவதற்காகவே அதன் தலையுருவைத் தாயத்தாக அணிந்தார்கள். படத்தின் தொடக்கத்தில் பாதிரியார் அகழ்விடத்தில் எடுப்பதும் அத்தகைய தலையுருவே. தாயையும் சேயையும் காக்க அழைக்கப்பட்ட உருவம் 1973-இல் ஒரு தாயின் கண்ணெதிரே அவள் மகளைப் பிடித்தாட்டுவதாக ஆனது, எனக்கு அப்படத்தின் கதையைவிடச் சுவையானது.

கேள்வி: 'தி மேட்ரிக்ஸ்' அப்பட்டமான மாயாவாதம். இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. அத்வைதத்தில் மாயைக்குப் பின்னே மனிதரைச் சிறைவைக்கும் தீய எஜமானன் இல்லை. தப்பிச் செல்ல வேறோர் ஊரும் இல்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டவர் விளக்கு வந்ததும் கயிற்றைக் காண்கிறார், அவ்வளவே. படத்திலோ இயந்திரங்கள் அமைத்த பொய்யுலகச் சிறை உண்டு, காவலர் உண்டு, வெளியே மெய்யான நகரம் உண்டு. இது நாஸ்டிக் மரபின் கட்டமைப்பு, அதாவது உலகம் ஒரு சிறை, மெய்யறிவே விடுதலை என்று கொண்ட பழைய சமய மரபு. எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945-இல் கிடைத்த ஏடுகளுள் ஒன்றான யோவானின் இரகசிய நூலில், யால்டபவோத் என்ற தாழ்ந்த படைப்பாளி தன்னைத் தவிர வேறு கடவுள் இல்லையென்று பிதற்றியபடி ஆர்க்கான்கள் என்ற ஏவலரைக் கொண்டு மனிதரை அறியாமையில் அடைத்துவைக்கிறான். கறுப்புக் கண்ணாடி அணிந்த முகவர்களை இங்கே எளிதாகப் பொருத்தலாம்.

அதே கேள்வியாளர் மீண்டும்: மூன்றாம் பாகத்தின் முடிவில் 'அஸதோ மா ஸத்கமய' ஒலிக்கிறதே! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஒலிக்கிறது, பிருகதாரண்யக உபநிடதத்தின் மந்திரம். இயக்குநர்கள் அதை விரும்பினார்கள் என்பதற்கு அது சான்றே. மூன்று பாகக் கதையும் அதன்படி கட்டப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

இன்னொருவர்: நீங்கள் இருவருமே தவறு. அது கிறிஸ்துவின் கதை. படத்தில் நாயகன் குழுவினர் செல்லும் கப்பலின் பித்தளைத் தகட்டைப் பார்க்கவில்லையா?

பதில்: பார்த்தேன். மார்க் 3, எண் 11 என்று பொறித்திருக்கிறது. மாற்கு (ஆங்கிலத்தில் மார்க்) நற்செய்தி 3:11-இல் அசுத்த ஆவிகள் இயேசுவின் முன் விழுந்து, நீரே தேவனுடைய குமாரன் என்று அலறுகின்றன. அது திட்டமிட்டே வைக்கப்பட்டது என்று நானும் கருதுகிறேன். ஆனால் ஒரு தகடு படத்தின் ஒரு வரிக்குத்தான் பொருள் தரும். நாஸ்டிக் வாசிப்புக்கும் ஓரிடத்தில் இடறல் உண்டு. அம்மரபுக்கு உடலே சிறை. படத்திலோ நாயகி டிரினிட்டியின் முத்தம் நாயகனை உயிர்ப்பிக்கிறது, இரண்டாம் பாகத்தில் சயான் என்ற அந்த மெய்யான நகரமே வியர்வை சிந்தி ஆடுகிறது. இதற்கு நம் மூவரில் யாரிடமும் விடை இல்லை. இயக்குநர்களுள் ஒருவரான லில்லி வச்சோவ்ஸ்கி 2020-இல், பாலினமாற்ற அனுபவமே அப்படத்தின் அடிப்படை நோக்கமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். தகடுகளை உருப்பெருக்கிப் பார்த்தவர்களுள் எத்தனை பேர் உடல்மாற்றம் நிறைந்த கதையை அந்தக் கோணத்தில் பார்த்தார்கள்?

கேள்வி: வேறொரு படத்தில் பிரமிடும் கண்ணும் பார்த்தேன். இல்லுமினாட்டியா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சின்னத்தின் காலத்தை முதலில் விசாரியுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பேய்ப் படங்களைப் பார்ப்பது பாவமா?

பதில்: உங்கள் மதகுருவிடம் கேளுங்கள்.

கேள்வி: 'ஐஸ் வைட் ஷட்' படத்தில் உண்மைகளை வெளியிட்டதால்தான் குப்ரிக் கொல்லப்பட்டாரா?

பதில்: எழுபது வயதில், 1999 மார்ச் 7 அன்று, உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். முகமூடிக் கூட்டமும் அவர் வேவு பார்த்து அறிந்ததன்று. 1926-இல் வெளியான ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் குறுநாவலிலேயே இருக்கிறது. படத்திலிருந்து நீக்கப்பட்டதாகத் தாங்கள் நம்பும் நிமிடங்களைத் தேடுபவர்கள் அக்காட்சியின் ஒலியைக் கவனிப்பதில்லை. சடங்கில் கேட்பது ருமேனிய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக் குரல், பின்னோக்கி ஓட்டப்பட்டது. அடுத்து வரும் இசையில் மாணிக்கம் யோகேஸ்வரன் பாட, 'பரித்ராணாய ஸாதூனாம்' என்ற கீதைச் சுலோகம் முதலில் இருந்தது. இந்து அமைப்புகள் எதிர்த்த பின் அது மாற்றப்பட்டது. மதத்தைப் படம் எப்படிக் கையாள்கிறது என்பதற்கு ஆவணத்தோடு பேசத்தக்க சான்று இது. இதைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.